ஞாயிறு தேய்த்தது புதன் வரை ஏன் தாங்குவதில்லை

கோலாலம்பூர் செந்தூலில் கொண்டோ வீடு, அதாவது அடுக்குமாடி. கணவன், மனைவி இருவருக்கும் வேலை, கையில் ஒரு குழந்தை. ஞாயிறு காலை முழுக்க சமையலறையைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். புதன்கிழமைக்குள் அடுப்பைச் சுற்றி மறுபடி பிசுக்கு, சிங்க்குக்குக் கீழே வாடை, இரவில் விளக்கைப் போட்டால் கரப்பான். தினமும் எதைச் செய்வது, வாரம் எதைச் செய்வது, சுத்தம் செய்ய என்ன மருந்து வாங்குவது என்று அந்த வீட்டுத் தம்பி கேட்டிருக்கிறார்.

நான் பல வருடம் ஜாலான் ஈப்போ பக்கம் சின்ன அளவில் கேட்டரிங் நடத்தியவள். மலேசியாவின் 2009 உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பயிற்சி எடுக்க வேண்டும், டைபாய்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பயிற்சியில் சொல்லித் தருவதில் பாதி வீட்டுக்கும் பொருந்தும். மீதி வீட்டுக்குத் தேவையில்லை, அதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை.

முதலில் பதில். நீங்கள் உழைப்பது போதும், நேரம்தான் சரியில்லை. அந்த ஞாயிறு உழைப்பில் பெரும்பகுதியைத் தினமும் இரவு கால் மணி நேரமாகப் பிரித்துவிடுங்கள். படுக்கப் போகும்போது சிங்க்கும் அடுப்பு மேடையும் உலர்ந்திருக்க வேண்டும், ஈரக் குப்பை வீட்டுக்குள் இருக்கக்கூடாது. இவ்வளவு நடந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு மிஞ்சுவது அரை மணி நேர வேலைதான்.

எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துக்கொள்வோம். தாளிக்கும்போதும் மீன் பொரிக்கும்போதும் கிளம்பும் எண்ணெய்ப் புகை, அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் ஹூட்டிலும் சுவரிலும் கப்போர்டு கதவிலும் படிகிறது. அன்று இரவே துடைத்தால் வெந்நீரில் நனைத்த துணியும் ஒரு சொட்டு சோப்பும் போதும். விட்டுவைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, அடுப்புச் சூடும் சேர்ந்து இறுகிவிடும். சில எண்ணெய்கள் மரத்தில் வார்னிஷாகக் காய்வதும் இதே வேதியியல்தான். இறுகியபின் சோப்பு ஏறாது, காரமான மருந்து வேண்டும், முழங்கை வலிக்கத் தேய்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலையை ஆறு நாள் காயவைத்துவிட்டு ஏழாம் நாள் அதோடு மல்லுக்கட்டுகிறீர்கள்.

அப்புறம் ஈரம். கோலாலம்பூர் காற்றில் ஈரப்பதம் சராசரியாக எண்பது விழுக்காடு. சாயங்காலம் ஒரு இடிமழை வந்துவிட்டால் இன்னும் மேலே போகும். கழுவிவிட்டால் தானாகக் காய்ந்துவிடும் என்பது இங்கே நடக்காது, அதுவும் ஜன்னல் சிறிதாக இருக்கும் கொண்டோ சமையலறையில். ஊர் வீடியோக்களைப் பார்த்துப் பக்கெட் தண்ணீரை மேடையில் ஊற்றித் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். அது முற்றத்து வெயிலும் சாக்கடை வாட்டமும் உள்ள சமையலறைக்குச் சரி. இங்கே அந்தத் தண்ணீர் கப்போர்டு அடிக்குள் போய்ப் பலகையை உப்பவைக்கும். பொரிப்பு, கழுவல் எல்லாம் நடக்கும் வெட் கிச்சனுக்கு அலுமினியக் கப்போர்டு போடுகிற வழக்கம் இங்கே பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரப்பானுக்கும் ஈரம்தான் ஆதாரம். கொண்டோக்களில் தொல்லை தருவது பெரும்பாலும் சின்ன, வெளிர்பழுப்பு நிற ஜெர்மன் கரப்பான். தண்ணீர் கிடைத்தால் அது சோறில்லாமல் ஒரு மாதம் ஓட்டிவிடும். தண்ணீரும் இல்லையென்றால் இரண்டு வாரம் தாங்குவதே பாடு. அதனால் ஒரு பருக்கைகூட விடாமல் மேடையைத் துடைத்துவிட்டுச் சிங்க்கை ஈரமாக விட்டுப் போனால், அதற்கு இரவு முழுக்கத் தண்ணீர்ப் பந்தல் வைத்த மாதிரி.

இரவு வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். அடுப்பை அணைத்து, கேஸ் தோம்பின் (சிலிண்டரின்) ரெகுலேட்டரையும் மூடுங்கள். சாப்பிட்டு வருவதற்குள் அடுப்பு வெதுவெதுப்பாக ஆறியிருக்கும். துடைக்க அதுதான் நேரம், ஆறிப்போன எண்ணெயைவிட இளஞ்சூட்டில் இருப்பது சீக்கிரம் வரும். அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவரை மேலிருந்து கீழாகத் துடைத்து, பிறகு அடுப்பு, கடைசியில் மேடை. கீழேயிருந்து தொடங்கினால் இரண்டு வேலை.

பாத்திரம் கழுவுமுன் குழம்புச் சட்டியையும் பொரித்த வாணலியையும் டிஷ்யூவால் ஒரு வழி வழித்துக் குப்பையில் போடுங்கள். தேங்காய்ப்பால் குழம்பின் கொழுப்பு குழாய்க்குள் ஆறி உறைந்து, அதன்மேல் சோறு ஒட்டி, வாடை அங்கிருந்துதான் கிளம்புகிறது. கொதிநீர் ஊற்றினால் கரைந்துவிடும் என்பார்கள். கரைந்தது அடுத்த வளைவில் போய் உறையும், பிளாஸ்டிக் குழாயின் மூட்டுக்கும் அவ்வளவு சூடு நல்லதில்லை. முறுக்கோ கோழியோ பொரித்த எண்ணெயை ஆறவைத்துப் போத்தலில் ஊற்றி வையுங்கள். அதை வாங்கிக்கொள்ளும் மறுசுழற்சி மையங்கள் உண்டு, பயோடீசல் செய்ய அது போகிறது.

கரி பிடித்த சட்டி தவிர வேறெதையும் இரவில் ஊறப்போட வேண்டாம். ஊறப்போட்டே ஆக வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். பாத்திரம் முடிந்ததும் சிங்க்கின் சல்லடையைத் தட்டிக் காலிசெய்து, சிங்க்கையே ஒரு பாத்திரமாக நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து முடியுங்கள். இந்தக் கடைசித் துடைப்பைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். ஸ்பாஞ்சைப் பிழிந்து காற்றுப்படும்படி நிறுத்தி வையுங்கள், சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்க வேண்டாம். துடைத்த துணி துவைக்கப் போகட்டும். பழைய துவாலைகளைச் சின்னதாக வெட்டி ஒரு அடுக்கு வைத்துக்கொண்டால் தினமும் ஒன்று புதிதாக எடுக்கலாம். ஒரே துணியை வாரம் முழுக்கக் குழாயில் தொங்கவிட்டு மேடையைத் துடைப்பது, அழுக்கை எல்லா இடத்துக்கும் சமமாகப் பங்கு வைக்கிற வேலை.

தரையைத் தினமும் முழுக்க மாப் போட வேண்டியதில்லை. அடுப்புக்கு முன்னாலும் சிங்க்குக்கு முன்னாலும் ஒரு பட்டை துடைத்தால் போதும். பிறகு குப்பையைக் கட்டி வெளியே கொண்டுபோய்விட்டு விளக்கை அணையுங்கள். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் சமைத்தவரே இதையும் செய்வது நியாயமில்லை. ஒருவர் சமைத்தால் மற்றவர் இரவு வேலையை எடுத்துக்கொள்ளட்டும். கேட்டது நீங்கள் என்பதால் உங்களுக்கே சொல்கிறேன், தம்பி.

இனி வாரம் ஒருமுறை. ஃபிரிட்ஜைப் பசாருக்கு (சந்தைக்கு) போவதற்கு முந்தின நாள் பாருங்கள், அப்போதுதான் காலியாக இருக்கும். உள்ளே 4 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி வைத்தால் தெரிந்துவிடும். மிஞ்சிய குழம்பை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க அடுப்பில் விட்டுக் காலையில் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்ற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதித்தாலும் அழியாது, அதனால் அந்தப் பழக்கத்தை விடுங்கள். கதவு ரப்பரின் மடிப்பில் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும், சோப்புத் துணியால் துடைத்து உலர்த்துங்கள்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கீழே ஒரு தட்டு இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. உள்ளிருந்து வடியும் நீர் அதில் தேங்கும், பக்கத்தில் கம்ப்ரஸர் சூடு. கரப்பானுக்கு அது மாளிகை, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் தொட்டில். பாத்திர அடுக்கின் அடித்தட்டும் அப்படித்தான். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒருமுறை என்பதைத் தவறவிடாதீர்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, நீர் பட்டதும் பொரிக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். தண்ணீர்த் தடைக்காகப் பக்கெட்டில் பிடித்து வைத்திருந்தால் அதையும் மூடியே வையுங்கள். வீட்டில் கொசுப் புழு வளர்ந்தால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975 சட்டப்படி அபராதம் வீட்டுக்காரருக்குத்தான்.

ஹூட் சல்லடையை மாதம் இருமுறை கழற்றினால் போதும், தினமும் பொரிக்கிற வீடென்றால் வாரம் ஒருமுறை. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: சல்லடை எவர்சில்வரா அலுமினியமா என்று பாருங்கள். எவர்சில்வரானால் வெந்நீரில் சலவை சோடா போட்டு அரை மணி ஊறவைத்தால் கொழுப்பு சோப்பாக மாறிக் கழன்று வரும். அலுமினியத்தைச் சோடா அரித்துக் கறுப்பாக்கிவிடும், அதற்கு வெந்நீரும் பாத்திர சோப்பும் மட்டும்தான். தோசைக்கல்லின் முகத்தை யாரும் சோப்புப் போட்டுக் கெடுக்க மாட்டார்கள், ஆனால் அதன் விளிம்பிலும் அடியிலும் ஏறிக் கிடக்கும் எண்ணெயை அவ்வப்போது சுரண்டுங்கள். மிக்சி மூடியின் ரப்பரைக் கழற்றிப் பாருங்கள், பார்த்தபிறகு நான் சொல்லாமலே கழுவுவீர்கள்.

மருந்து என்ன வாங்குவது என்று கேட்டீர்கள். பாத்திர சோப்பு, சலவை சோடா, குளோரோக்ஸ் மாதிரி ஒரு பிளீச். அவ்வளவுதான். சுவருக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று, கிரானைட்டுக்கு ஒன்று என்று ஸ்ப்ரே போத்தல்களை அடுக்குவது கடைக்காரருக்கு நல்லது. வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்கவைக்கும் வைத்தியம் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். தனித்தனியாக இரண்டுக்கும் பயன் உண்டு. வினிகர் கெட்டிலில் படியும் வெள்ளைப் படிவத்துக்கு, ஆப்ப சோடா கரி பிடித்த சட்டியைத் தேய்க்க.

பிளீச் அழுக்கை எடுக்காது, கிருமியைக் கொல்லும். அதனால் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அது வேலை செய்யும். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும், வெட்டுப்பலகையையும் சிங்க்கையும் அதில் நனைத்து இரண்டு மூன்று நிமிடம் விட்டுக் காயவிடுங்கள். கலந்ததை மறுநாளைக்கு வைக்க வேண்டாம், வீரியம் போய்விடும். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பிளீச்சோடு வினிகரையோ, எலுமிச்சையையோ, கழிவறை கழுவும் அமிலத்தையோ சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். அமோனியா உள்ள கண்ணாடி மருந்தும் கூடாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்தப் போத்தல்கள் சிங்க்குக்குக் கீழே இல்லாமல் மேல் தட்டில் இருக்கட்டும்.

மஞ்சள் கறைக்கு பிளீச்சைத் தேடி ஓட வேண்டாம். டப்பாவையும் மேடைத் துணியையும் கழுவி, பால்கனி வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலைத் தாங்காது, வெளுத்துவிடும். கழுவும்போது சோப்புப் பட்டுக் கறை சிவப்பானால் பயப்படாதீர்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமச் சிவப்பு வருமே, அதே சமாசாரம். அலசினால் போய்விடும்.

கோழியைக் கழுவுவது பற்றியும் சொல்ல வேண்டும். சுகாதாரத் துறைக்காரர்கள் கழுவவே வேண்டாம் என்பார்கள், காரணம் குழாய்த் தண்ணீர் தெறித்து கேம்பிலோபேக்டர், சால்மோனெல்லா போன்ற கிருமிகளை மேடையெல்லாம் பரப்பும், கழுவுவதால் கறியிலுள்ள கிருமியும் சாகாது. மஞ்சள் போட்டுக் கழுவாமல் நம் ஆட்கள் சட்டியில் போடப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாதீர்கள். ஒரு ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் மெதுவாக அலசி, தண்ணீரைச் சிங்க்கின் துளைக்கு நேராகச் சாய்த்து ஊற்றுங்கள். முடிந்ததும் சிங்க், குழாயின் கைப்பிடி, கை மூன்றுக்கும் சோப்பு, பிறகு சிங்க்குக்கு பிளீச் தண்ணீர். பக்கத்தில் பாத்திர அடுக்கும் வெட்டி வைத்த வெங்காயமும் இருக்கக்கூடாது. பசாரிலேயே துண்டு போட்டு வாங்கிவிட்டால் வீட்டில் வேலை பாதி குறையும்.

அரிசி வண்டு பற்றி ஒரு வார்த்தை. அது வெளியிலிருந்து வந்து ஏறுவதைவிட, வாங்கும்போதே அரிசிக்குள் முட்டையாக வருவதுதான் அதிகம். 5 கிலோ பையாக வாங்கி, ரப்பர் வைத்த மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். ஆட்டா, ரவை, பயறு வகைகளை ஃபிரீசரில் நாலு நாள் வைத்து எடுத்தால் முட்டையோடு செத்துவிடும். பெலாச்சானும் (இறால் விழுது) நெத்திலிக் கருவாடும் ஃபிரிட்ஜுக்குள்தான் இருக்க வேண்டும்.

குப்பை விஷயத்தில் கோலாலம்பூரில் சட்டமும் நம் பக்கம். தரைவீடுகளில் 2015 செப்டம்பர் முதல் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும். வாரம் இரண்டு நாள் வீட்டுக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிக்கானது என்றுதான் லாரி வரும். கொண்டோவில் குப்பை அறை இருப்பதால் ஈரக் குப்பையைத் தினமும் இறக்கிவிடலாம், அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். மறுசுழற்சிப் பெட்டி வீட்டில் பல நாள் இருப்பதால் அதற்குள் போகும் எல்லாவற்றையும் அலசிப் போட வேண்டும். இனிப்புப் பால் டின் ஒன்றே எறும்புக்கூட்டத்தை வரவழைக்கும். அந்த எறும்பு மிகச் சிறியதாக, மஞ்சள் நிறத்தில் இருந்தால் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், கூடு கலைந்து நாலு இடத்தில் புதுக்கூடு வைக்கும். எறும்பே இரையென்று கூட்டுக்குத் தூக்கிப்போகும் மருந்துதான் வேண்டும்.

பெரிய சுத்தத்துக்கு வருடத்தில் இரண்டு நேரம் வாகானது. புரட்டாசியில் கறி, மீன் இல்லாத வீடுகளில் ஃபிரீசர் தானாகக் காலியாகும், அப்போது ஃபிரீசரையும் கப்போர்டுகளையும் முழுக்க இறக்கிக் கழுவிவிடுங்கள். இன்னொன்று தீபாவளி. எல்லோரும் தீபாவளிக்கு முன்னால் சமையலறையைப் பளபளப்பாக்கிவிட்டு, அதற்கப்புறம் ஒரு வாரம் முறுக்கும் அச்சுமுறுக்கும் பொரிக்கிறார்கள். எனக்கு இது புரிந்ததே இல்லை. ஹாலையும் ஜன்னலையும் முன்னால் செய்யுங்கள். சமையலறையைப் பலகாரம் சுட்டு முடித்த மறுநாள் செய்யுங்கள், எண்ணெய் இறுகுவதற்குள்.

கடைசியாகக் கரப்பான். இரவு உலர்த்தும் பழக்கம் வந்ததும் எண்ணிக்கை குறையும், ஆனால் அது மட்டும் போதாது. ஜெர்மன் கரப்பான் ஒரு முட்டைப் பையில் முப்பது, நாற்பது முட்டை வைக்கும், பொரிக்கும் நேரம் வரை அந்தப் பையைத் தன் உடம்பிலேயே சுமந்து திரியும். ஸ்ப்ரே அடித்தால் கண்ணில் பட்டது சாகும், மீதி சுவர் இடுக்குக்குள் போகும். கரப்பான் தின்று சாகும் ஜெல் மருந்து வாங்கி, கப்போர்டு கீல், ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், சிங்க் குழாய் சுவருக்குள் போகும் இடம் ஆகியவற்றில் மிளகளவு புள்ளிகளாக வையுங்கள். வைத்த இடத்தில் ஸ்ப்ரேயும் பிளீச்சும் படக்கூடாது, பட்டால் கரப்பான் அதைத் தின்னாது. குழாயைச் சுற்றியுள்ள ஓட்டையைச் சிலிக்கானால் அடைத்துவிடுங்கள். பெரிய, செம்பழுப்புக் கரப்பான் என்றால் கதை வேறு, அது தரை வடிகாலிலிருந்து ஏறி வருகிறது. இரவில் வடிகாலுக்கு மூடி போடுங்கள். புழங்காத வடிகாலாக இருந்தால் வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள், அதன் வளைவில் தண்ணீர் நிற்கும்வரை வாடையும் மேலே வராது.

ஜெல் வைத்து மூன்று நான்கு வாரம் ஆகியும் பகலிலேயே கரப்பான் தெரிந்தால், குறை உங்கள் சமையலறையில் இருக்க வாய்ப்புக் குறைவு. மாடிகளுக்கு நடுவே குழாய்கள் போகும் பொதுப் பாதை வழியாகப் பக்கத்து வீட்டிலிருந்தோ குப்பை அறையிலிருந்தோ வருகிறது. கொண்டோ நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுத்து, உங்கள் தளத்துக்கும் மேல் கீழ்த் தளங்களுக்கும் ஒரே நாளில் மருந்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் ஆள் கூப்பிட்டு ஸ்ப்ரே அடித்தால் அடுத்த மாதமும் அவரையே கூப்பிட வேண்டிவரும்.